அலுமாரியை நகர்த்தச் சொல்லுங்கள்

வீடு வாங்கப் போகிறவர்கள் வீட்டின் உறுதியைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனால், அளவு நாடாவை வெளியே எடுப்பதற்கு முன் விற்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்பேன்.

"பங்கர் எங்கை வெட்டியிருந்தனீங்கள்?"

சிலர் சிரிப்பார்கள். வீடு விற்கிற நேரத்தில் என்ன பழைய கதை என்று சிலருக்குக் கோபம் வரும். துணுக்காயில் ஓர் அம்மா பதில் சொல்லாமலே எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அவருடைய மருமகன்தான் வந்து மாமரத்தடியைக் காட்டினார். நான் யாரையும் நோகடிக்கக் கேட்பதில்லை. வன்னியில் போர் நடந்த அந்த ஆண்டுகளில் பங்கர் இல்லாத வீட்டு வளவு இல்லை. ஆளளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, மேலே தென்னங்குற்றிகளை அடுக்கி, அதன் மேல் மண்மூட்டை போட்டு, எறிகணை வரும்போது உள்ளே இறங்கிக் குந்தியிருந்தோம். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவுடன் முதல் வேலையாக அதை மூடினோம். எதைக் கொண்டு மூடுகிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. கூரையாகக் கிடந்த குற்றிகளையே உள்ளே தள்ளி, மண்ணை வெட்டிப் போட்டு, காலால் மிதித்தோம். குற்றி உக்குவதற்குச் சில ஆண்டுகள் எடுக்கும். உக்கியதும் மேலே இருக்கிற மண் கீழே இறங்கும். மண்ணுக்கு மேலே சுவர் நின்றால் சுவரும் கூட இறங்கும்.

தொழில்நுட்பக் கல்லூரியில் மண்ணைப் பற்றி ஒரு வருடம் படித்தேன். களிமண், மணல்மண், எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்றெல்லாம் படிப்பித்தார்கள். பங்கர் அந்தப் பாடத்தில் இல்லை. அதை நான் விசுவமடுவில், எங்கள் வீட்டில் படித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுவது எனக்கே தெரியும். அப்பாவின் தாய் தகப்பன் மலையகத்தில் கொழுந்து பறித்தவர்கள். அங்கே இருக்க முடியாமல் போன காலத்தில் அப்பாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். வளர்ந்த அப்பா மற்றவர்களுடைய வயலில் கூலிக்கு நின்றார். கையெழுத்துக் கேட்கும் இடங்களில் பெருவிரலை நீட்டினார். அம்மாவுக்குத் தன்னுடைய பெயரை எழுதத் தெரியும். அதுவும் நான் நாலாம் வகுப்பில் இருக்கும்போது பழக்கியது.

வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. வீட்டுப் படமும், எப்படிக் கட்ட வேண்டும் என்று அச்சடித்த நாலு பக்கக் கடதாசியும் தந்தார்கள். அவற்றை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் வீட்டில் நான்தான். வீதியிலிருந்து வீடு இத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து மலக்குழி இத்தனை அடி, எல்லையிலிருந்து சுவர் இத்தனை அடி. நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு வளவு முழுக்க நடந்தேன். முளை அடித்தேன். கயிறு கட்டினேன். எங்கள் வளவு ஒடுங்கியது. கடதாசியில் சொன்ன எல்லா அளவும் பொருந்துகிற மாதிரி வீட்டை வைத்தால் ஒரே ஓர் இடம்தான் வந்தது. அதில் பின்பக்க மூலை அறை, பங்கர் இருந்த இடத்தின் மேல் விழுந்தது.

அப்பா கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மூல வேணாம் புள்ள. அது பங்கரு வெட்டுன எடம். கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைப்போம்."

முன்னுக்குத் தள்ளினால் வீதி அளவு மூன்று அடி குறையும் என்றேன். குறைந்தால் என்ன என்று கேட்டார். கடதாசியில் அப்படி இல்லை என்றேன். பங்கர்தான் மூடியாயிற்றே, மூடி இரண்டு வருடம் புல்லும் முளைத்துவிட்டதே என்றேன். கடதாசியை விரித்து, விரலை வைத்து, அந்த வரியைச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்தார்.

"அப்படியா போட்டிருக்கு? அப்பச் சரி."

அடுத்த கிழமை திட்டத்து உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். முளைகளை அளந்து பார்த்துவிட்டு, யார் கயிறு கட்டியது என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். பிள்ளையை எப்படியும் படிப்பியுங்கோ என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வசனத்தை அப்பா கடைத்தெருவில் எத்தனை பேரிடம் சொன்னாரோ தெரியாது. பங்கரைப் பற்றி அந்த உத்தியோகத்தர் கேட்கவில்லை. நாங்கள் அவரிடம் சொல்லவும் இல்லை. தெரிந்தவர்கள் நாங்கள்தான், சொல்லியிருக்க வேண்டியவர்களும் நாங்கள்தான்.

சீமெந்துக் கல்லை நாங்களே அச்சில் போட்டு அரிந்தோம். அம்மா தண்ணீர் ஊற்றினார், நான் பாடசாலை விட்டு வந்து மணல் அரித்தேன். வீடு எழும்பியது. பால் காய்ச்சிய அன்று அப்பா வந்தவர்கள் எல்லோருக்கும் இது தன்னுடைய மகள் அளந்த வீடு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மூலை அறையை எனக்குத் தந்தார்கள். காற்று நன்றாக வரும் அறை. அதில் இருந்துதான் உயர்தரம் படித்தேன்.

படித்து முடித்து, கிளிநொச்சியில் ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கினேன். சனி ஞாயிறில் வீட்டுக்குப் போவேன். அப்படிப் போன ஒரு மார்கழியில் மூலை அறையின் யன்னல் கதவு சாத்தவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று அம்மா சொன்னார். நான் யன்னலுக்குக் கீழே பார்த்தேன்.

சுவரில் தெரிகிற எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. பூச்சு காயும்போது சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் வரும். அவற்றைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. யன்னல் மூலையில் தொடங்கி, கல்லின் பொருத்துக்களைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு மாதிரி இறங்கிப் போகிற வெடிப்புத்தான் பொல்லாதது. அது சுவர் அசைகிறது என்பதற்கு அடையாளம். எங்கள் சுவரில் இருந்தது அது. நான் அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதியும் எழுதினேன். அன்றைக்கு அந்த வெடிப்புக்குள் ஒரு கடதாசி நுழைந்தது. அடுத்த மார்கழியில் என்னுடைய அடையாள அட்டை நுழைந்தது. நுனி பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது.

முதல் நாளே எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. விளங்கியும் நான் வாய் திறக்கவில்லை. பிறகு பூசிவிடுவோம் என்று அப்பாவிடம் சொன்னேன். மற்றவர்களுடைய வீடுகளில் இதே வெடிப்பைக் கண்டால் உடனே வெட்டிப் பாருங்கள், மழைக்கு முன் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுக்கிறவள், என் வீட்டில் இரண்டு வருடம் பென்சில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நான் அளந்த வீடு பிழை என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த இரண்டு வருடத்துக்குள் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது.

கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கு முறை கிடைத்தது வவுனியாவில். விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வவுனியாவுக்கு இன்னொரு பஸ். அப்பாவும் அம்மாவும் விடிய வெளிக்கிட்டால் பின்னேரம்தான் வந்து சேர்வார்கள். போகும்போது பரவாயில்லை. திரும்பி வரும்போது அம்மா ஆளாகவே இருக்க மாட்டார். மடியில் ஒரு பிளாஸ்ரிக் பையை விரித்து வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும் ஒவ்வொரு தடவையும் அதற்குள் குனிவார். நான் லீவு எடுத்துக் கூடப் போன நாட்களில் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் இருக்க இடம் இல்லாமல் மாங்குளம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றபோது, பேசாமல் இரு என்று கையைப் பிடித்து அமத்தினார்.

வவுனியாவில் ஆசுபத்திரிக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. நானே போய்ப் பார்த்தேன். பழைய வீடு. கூரையில் சில ஓடுகள் உடைந்திருந்தன. கூரை மரம் ஒன்றில் கறையான் ஏறியிருந்தது. ஆனால் அத்திவாரம் உறுதி, தரையில் ஒரு வெடிப்பும் இல்லை. வீட்டுக்காரர் ஓடு உடைந்ததையும் கறையானையும் நான் கேட்பதற்கு முன்னமே காட்டிவிட்டார். ஐப்பசி வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் பொறுத்திருப்பதாகச் சொன்னார். அடுத்த முறை ஆசுபத்திரிக்குப் போன அன்று அம்மாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அம்மா அறைகளைப் பார்க்கவில்லை, குசினியையும் பார்க்கவில்லை. விறாந்தையில் நின்று வீதியைப் பார்த்தார்.

"இங்கேருந்து ஆசுபத்திரி கேட்டு தெரியுது புள்ள" என்றார்.

உண்மைதான், தெரிந்தது. நடந்தே போய்விடலாம், வந்து பாயில் சரியலாம். எங்கள் வீட்டை விற்றால்தான் அந்த வீட்டை வாங்கலாம். ஐப்பசிக்கு முன் விற்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

எங்கள் வீட்டை வாங்க ஒரு ரீச்சர் விருப்பப்பட்டார். துணுக்காய்ப் பக்கம் வயல் செய்கிற குடும்பம். பூர்வீகத்தில் யாழ்ப்பாணத்து ஆட்கள். விசுவமடுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்து வந்திருந்தார். கணவர் கொழும்பில் வேலை. ஆவணியில் ஒரு சனிக்கிழமை, தன்னுடைய மாமாவோடு வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். மாமா முந்தி வீதி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது படலையிலேயே பெயின்ற் மணந்தது. மூலை அறை முழுக்க இளம்பச்சை. வெடிப்பைச் சீமெந்தால் அடைத்து, மேலே பூசி, பெயின்ற் அடித்து, அதற்கும் மேலே நம்பிக்கை இல்லாமல் அம்மாவின் அலுமாரியைக் கொண்டுவந்து அந்தச் சுவரோடு நிறுத்தியிருந்தார் அப்பா. என் பென்சில் கோடுகளும் திகதிகளும் பச்சைக்குக் கீழே போய்விட்டன.

வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றேன். அப்பா கையில் பட்டிருந்த பெயின்ரை மண்ணெண்ணெயால் துடைத்துக்கொண்டே, சொன்னால் எவன் வாங்குவான் என்று கேட்டார். விற்கிறவன் எவனாவது தன் வீட்டுக் குறையைத் தானே சொல்லுவானா என்றார். வவுனியா வீட்டுக்காரர் சொன்னாரே என்றேன். அவர் காட்டியது உடைந்த ஓடு, ஓட்டை மாற்றலாம், இதை என்ன செய்வது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒங்கம்மா பஸ்ஸுல வர்றத நீ பாத்திருக்கதானே?"

நான் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே சம்மதம் சொன்னது மாதிரித்தான். அதை நான் இப்போது மறைக்கப் போவதில்லை.

அடுத்த நாள் ரீச்சரும் மாமாவும் வந்தார்கள். ஓவசியர் ஐயா கையில் குடையோடு வந்தார். முதலில் கிணற்றுக்குப் போய் ஒரு வாளி அள்ளி, ஒரு வாய் குடித்து, உவர் இல்லை என்றார். குடைப்பிடியால் சுவர்களில் தட்டிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்து, மரத்தை நகத்தால் சுரண்டினார். காணியின் அனுமதிப்பத்திரம் யார் பெயரில் என்று கேட்டார். அப்பா றங்குப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். அவர் செய்தது எல்லாம் சரியான வேலைதான். ஆனால் அது ஆவணி மாதம். மண் இறுகிக் கிடந்தது. வீடு பார்க்க நல்ல காலம் மார்கழி மழை விட்ட அடுத்த கிழமை. கோடையில் எந்தச் சுவரும் நல்ல பிள்ளைதான். மூலை அறையில் அலுமாரி இருந்த சுவரை அவர் தட்டவில்லை. மற்றவர்களுடைய அலுமாரியை நகர்த்தச் சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. கேட்டால் நகர்த்த வேண்டியது விற்கிறவருடைய கடமை.

பார்த்து முடித்து விறாந்தைக்கு வந்து கதிரையில் இருந்த ஓவசியர் ஐயா, அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"சும்மா சொல்லக்கூடாது. உங்கட ஆக்கள் கட்டின வீடெண்டு நம்பேலாமல் கிடக்கு."

மலையகத்து ஆட்களைப் புகழ்ந்ததாகவே அவர் நினைத்தார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. வயல்காரர்களுக்கு முன்னால் அவர் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு முகம் சுட்டது. அந்த நிமிடம் நான் நினைத்தது நல்ல நினைப்பு அல்ல. வாங்கட்டும் என்று நினைத்தேன். எங்கட ஆட்கள் கட்டிய வீட்டில், ஒரு கூலிக்காரன் மகள் அளந்த வீட்டில் வந்து இருக்கட்டும், எங்களுக்கு என்ன.

ரீச்சர் இன்னும் உள்ளேதான் நின்றார். மூலை அறையின் யன்னலைத் திறந்து காற்றுப் பார்த்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இந்த அறை அவர்களுக்கு என்று சொன்னார். கட்டிலை இப்படிப் போடலாம், மேசையை அப்படிப் போடலாம் என்று கையால் காட்டினார். கட்டில் என்று அவர் காட்டியது அலுமாரி நின்ற இடம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீங்களும் இந்த வேலைதானே செய்யிறியள். மாமா பாத்தது கிடக்கட்டும். நீங்கள் எண்டால் இந்த வீட்டை வாங்குவியளோ?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் குறை இருக்கிறதா என்று கேட்டிருந்தால், எல்லா வீட்டிலும் ஏதாவது இருக்கும் என்று மழுப்பியிருப்பேன். அதற்கு நான் முதல்நாளே வசனம் கட்டி வைத்திருந்தேன். வாங்குவாயா என்று கேட்டால் அதற்கு இரண்டு பதில்தான். வாசலில் அம்மா தேநீர்த் தட்டோடு நின்றார்.

"வாங்கமாட்டன் ரீச்சர்" என்றேன். "இந்த அறைக்குக் கீழ பங்கர் இருந்தது. குற்றியளையே போட்டு மூடினனாங்கள். சுவர் இறங்குது."

அலுமாரியை நகர்த்த அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. நானும் ஓவசியர் ஐயாவும் பிடித்து இழுத்தோம். புதுப் பச்சையில் ஏற்கெனவே மயிர் மாதிரி ஒரு கோடு விழத் தொடங்கியிருந்தது. அவர் அதைப் பெருவிரல் நகத்தால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனார். பேசியபோது, விறாந்தையில் பேசிய குரல் இல்லை.

"எத்தினை அடி?"

"ஆளளவு ஐயா."

"தென்னையோ, பனையோ?"

"தென்னை."

"எங்கடயும் தென்னைதான்" என்றார். பிறகு ரீச்சரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடியே, "இது இப்ப வேண்டாம் பிள்ளை" என்றார்.

அம்மா கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்தார்கள். ரீச்சர் போகும்போது அம்மாவின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் போனார். படலை சாத்திய சத்தம் கேட்ட பிறகு அப்பா என்னிடம் வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"அன்னைக்கும் நீதான் சொன்ன. இன்னைக்கும் நீதான் சொல்ற" என்றார்.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அவர் என்னோடு நேராகக் கதைக்கவில்லை. சாப்பிட்டாளா என்று அம்மாவிடம் கேட்பார். அம்மாவுக்கு என் மேல் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயம். அடுத்த கிழமை பஸ்ஸில் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். மாங்குளம் தாண்டியதும், தூங்குகிறார் என்று நான் நினைத்த நேரத்தில் கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

"ரீச்சருக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைங்களாம்."

நல்லதென்றும் சொல்லவில்லை, பிழையென்றும் சொல்லவில்லை.

அறையைத் திருத்திவிட்டு வேறு ஆட்களிடம் விற்கலாம் என்று நான் முடிவு செய்தேன். புரட்டாதியில் லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். கூரைக்கு மரம் முட்டுக் கொடுத்து, சுவரைத் தாங்கி நிறுத்தி, தரையை உடைத்தோம். இந்த வேலையை ஒரேயடியாகத் தோண்டிச் செய்யக் கூடாது. ஒரு துண்டு தோண்டி, கல்லும் கொங்கிறீற்றும் போட்டு நிரப்பி, அது இறுகிய பிறகுதான் அடுத்த துண்டு. அப்பா மண்வெட்டி பிடித்தார், நான் மண் அள்ளினேன். நாலடிக்குக் கீழே மண்வெட்டி எதிலும் படாமல் உள்ளே போனது. கையை விட்டுப் பார்த்தேன். தென்னங்குற்றி இருந்த இடத்தில் குற்றியின் வடிவத்திலேயே ஒரு வெறுமை. சுற்றிக் கொஞ்சம் கறுப்புத் தூள். இன்னும் ஆழத்தில் மண்மூட்டைத் துணிகள் வந்தன. அம்மாவின் பழைய சேலைகளைக் கிழித்துத் தைத்தவை. நிறம் இன்னும் போகவில்லை. அப்பா அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக உதறி வேலியில் போட்டார்.

பாதி முடிந்தபோது மழை வந்துவிட்டது. அந்த வருடம் ஐப்பசி தொடங்கியதிலிருந்தே விடாத மழை. குழிக்குள் தண்ணீர் நின்றது, வேலை நின்றது. வவுனியா வீட்டுக்காரர் சொன்ன தவணைக்கு மேலும் இரண்டு கிழமை பொறுத்தார். பிறகு, குறை நினைக்காதேங்கோ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வேறு ஆட்களுக்குக் கொடுத்தார். அவரில் பிழை இல்லை.

கார்த்திகையில் ஒரு நாள் வீதியை வெள்ளம் மூடி, பஸ் ஓடவில்லை. அம்மாவுக்கு ஒரு முறை தவறியது. அடுத்த முறைக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்து ஆறு நாள் கழித்து, மத்தியானம், ஹோலில் பாயில் படுத்திருந்தபடியே போய்விட்டார். அந்த ஒரு முறை தவறியதால்தானா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, இதயமும் பலவீனமாக இருந்தது என்று டொக்டர் சொன்னார். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம்.

செத்தவீட்டுக்குச் சனம் நிறைந்துவிட்டது. மூலை அறை வாசலில் குழிக்குள் யாரும் விழாமல் இரண்டு பலகையைக் குறுக்கே அடித்திருந்தோம். ரீச்சரும் வந்திருந்தார். அந்தப் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

எத்தனையோ தரம் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நான் ஆவணியில் வாயை மூடியிருந்தால், அம்மா வவுனியாவில் அந்த விறாந்தையில் சில மாதங்களாவது இருந்திருப்பார். இன்னொருத்தியின் இரண்டு பிள்ளைகள் அந்தச் சுவருக்குக் கீழே படுத்திருப்பார்கள். இந்தக் கணக்கு எனக்குத் தீர்வதில்லை. ஆனால் இதற்கு முந்திய கணக்கு ஒன்று இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. வெடிப்புக்குள் கடதாசி நுழைந்த அந்த மார்கழியிலேயே நான் சொல்லியிருந்தால், அடுத்த கோடையில் ஆறுதலாகத் தோண்டி நிரப்பியிருக்கலாம். அம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம் வந்தபோது விற்பதற்கு ஒரு நல்ல வீடு எங்களிடம் இருந்திருக்கும். வீடு விற்க நினைக்கிறவர்களிடம் நான் இப்போது சொல்வது இதைத்தான். வாங்குகிறவர் ஆளைக் கூட்டிவரும் வரை காத்திருக்காதீர்கள். வீட்டை விற்கிற எண்ணம் வருவதற்கு முன்னமே, விற்கிற வீடு மாதிரி உங்கள் வீட்டை நீங்களே ஒரு தரம் பாருங்கள். முக்கியமாக, நீங்களே கட்டிய வீடு என்றால்.

தையில் மழை விட்டது. நானும் அப்பாவும் மிச்சத்தைத் தோண்டி நிரப்பினோம். தரை போட்டோம். வெடிப்பை வெட்டித் திறந்து, கம்பி வைத்துத் திரும்பக் கட்டினோம். வேலை செய்யும்போது அப்பா கதைக்கத் தொடங்கினார். முதலில் தண்ணி கொண்டா, அந்தச் சாந்தை எடு என்று. பிறகு மற்றக் கதைகள்.

மாசிக் கடைசியில் ரீச்சர் தனியாக வந்தார். வாடகை வீட்டில் கிணறு வற்றுகிறது என்றார். மூலை அறைக்குள் போய்ப் புதுத் தரையில் நடந்து பார்த்தார். என்ன செய்தோம் என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதியும் வைத்திருந்தேன், அதையும் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் வாசித்தார்.

"இப்ப வாங்கலாமோ தங்கச்சி?"

"ஓம் ரீச்சர். இப்ப நல்ல வீடு."

அவர் அப்பாவிடம் திரும்பி, அப்படியென்றால் தங்களுக்கே தாங்கோ ஐயா, வேறு ஆளை வைத்துப் பார்க்கத் தேவையில்லை, தங்கச்சி சொன்னால் போதும் என்றார். அப்பா விறாந்தைத் தூணில் சாய்ந்துகொண்டு நின்றார். வளவைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார்.

"இல்ல ரீச்சரம்மா" என்றார். "இனி நாங்க வவுனியாவுக்குப் போயி என்னா செய்ய?"